ஜிரா புரொடக்ட் டிஸ்கவரி: கொழும்பில் நிறுவன மென்பொருள் செய்பவர்களுக்குச் சரிவருமா?

நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து விற்கும் கொழும்பு அணிகள் பலவற்றில் ரோட்மேப் (அடுத்து எதைக் கட்டுவது என்ற திட்டம்) என்றால் ஒரு எக்செல் கோப்பு. முந்நூறு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு கோரிக்கை, அதற்குப் பக்கத்தில் முன்னுரிமைக்கு 'ஹை' என்றொரு சொல். யார் கேட்டார், எந்த வேலை நின்றதால் கேட்டார், அவர் வாயில் வந்த வார்த்தை என்ன என்று தேடினால் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து டெவலப்பர் ஒருவர் "இது எதற்கு?" என்று கேட்டால், புரொடக்ட் மனேஜர் அக்கவுண்ட் மனேஜரைக் கேட்பார். அக்கவுண்ட் மனேஜர் அதற்குள் வேறு கம்பனிக்குப் போயிருப்பார்.

அட்லாசியன் நிறுவனம் 2023இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஜிரா புரொடக்ட் டிஸ்கவரி இந்த எக்செலின் இடத்தைப் பிடிக்க வந்த கருவி. அந்நிறுவனத்தின் வேலைக் கண்காணிப்பு மென்பொருளான ஜிராவுக்குள்ளேயே ஒரு தனித் திட்டமாக இருக்கும். வேலை டிக்கெட்டுகளுக்குப் பதில் இதில் அடிப்படை 'ஐடியா' என்ற பதிவுதான். ஒவ்வொரு ஐடியாவின் உள்ளேயும் விளக்கம், 'இன்சைட்' என்ற சான்றுகள், நாமே உருவாக்கும் ஃபீல்டுகள் (தகவல் கட்டங்கள்), டெலிவரி டிக்கெட்டுகளுக்கான (அதைக் கட்டும் வேலைகளுக்கான) இணைப்பு ஆகியவை இருக்கும். ஒரே ஐடியாக்களைப் பட்டியலாகவும், பலகையாகவும், இரு அச்சு வரைபடமாகவும், காலக்கோடாகவும் பார்க்கலாம்.

இதைக் காட்டி விற்பவர்கள் முதலில் காட்டுவது மதிப்பெண் கணக்கையும் அந்த அழகான வரைபடத்தையும்தான். எங்கள் கணிப்பில் கொடுக்கும் காசுக்குப் பெறுமதி இன்சைட் பகுதியில் இருக்கிறது. மதிப்பெண் பகுதி, கவனமில்லாமல் பயன்படுத்தினால், எக்செலை விடக் கூடுதல் கேட்டைச் செய்யும். இரண்டையும் கீழே விரிவாகப் பார்க்கலாம். முதலில் விலை.

விலையும் உரிமமும்

பணம் கட்ட வேண்டியது 'கிரியேட்டர்'களுக்கு மட்டும். ஃபீல்ட் அமைப்பது, வியூ (ஐடியாக்களைக் காட்டும் தோற்றம்) அமைப்பது, வரிசைப்படுத்துவது எல்லாம் கிரியேட்டர் வேலை. கருத்து எழுதுவோர், சான்று சேர்ப்போர், வாக்களிப்போர் 'கொன்ட்ரிபியூட்டர்'கள், அவர்களுக்குக் காசில்லை. மூன்று கிரியேட்டர் வரை இலவசத் திட்டம். ஸ்டாண்டர்ட் திட்டம் ஒரு கிரியேட்டருக்கு மாதம் 10 டொலர் என்று அறிமுகமானது. வாங்குமுன் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் தவறவிடும் ஒரு விடயம் உண்டு. நாலாவது ஆளைச் சேர்த்தால் அவருக்கு மட்டும் 10 டொலர் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இலவசத் திட்டத்தை விட்டு ஏறியதும் நாலு பேருக்கும் கட்ட வேண்டும். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் 12,000 ரூபா; வரி தனி. டெலிவரி பக்கத்தில் எபிக் (பல டிக்கெட்டுகளைச் சேர்த்த பெரிய வேலை) திறக்க வேண்டுமானால் ஜிரா உரிமமும் வேண்டும், அது வேறு கணக்கு.

இன்னொன்று, இது கிளவுட்டில் மட்டும்தான் கிடைக்கும். சொந்த சர்வரில் ஜிரா வைத்திருக்கும் வங்கி அணிகள், பாதுகாப்பு விதிகளால் வெளியே போக முடியாத அணிகள் இத்துடன் இந்த மதிப்புரையை விட்டுவிடலாம். அட்லாசியன் தன் சர்வர் பதிப்புக்கான ஆதரவை 2024 பெப்ரவரி 15ஆம் திகதியோடு நிறுத்தியது. டேட்டா சென்டர் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கருவி வரவில்லை.

சான்றுப் பகுதி: இதற்காகத்தான் வாங்க வேண்டும்

கொழும்பில் நிறுவன மென்பொருள் செய்வதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வாடிக்கையாளர் தூரத்தில் இருக்கிறார். 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2வின் மென்பொருளை நிறுவி ஓட்டுபவர்கள் உலகம் முழுவதும் பரந்திருக்கிறார்கள். 1996இல் தொடங்கிய மில்லேனியம்ஐடியின் மென்பொருள் பங்குச்சந்தைகளை ஓட்டியது; 2009இல் லண்டன் பங்குச்சந்தைக் குழுமமே அந்த நிறுவனத்தை வாங்கியது. இத்தகைய மென்பொருளைக் கட்டும் மேசைக்கும் அதைப் பயன்படுத்தும் மேசைக்கும் நடுவில் விற்பனையாளர், நிறுவும் பங்காளி, சப்போர்ட் அணி என்று மூன்று வாய்கள் நிற்கின்றன. ஒவ்வொரு வாயிலும் கோரிக்கை கொஞ்சம் உருமாறும். கடைசியில் புரொடக்ட் மனேஜர் கையில் கிடைப்பது பிரச்சினை அல்ல, யாரோ ஒருவர் யோசித்த தீர்வு.

உள்ளூரிலேயே விற்றாலும் இதே கதைதான். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியின் கணக்காளர் சொல்வது, "பில்லில ரெண்டு டாக்ஸும் வேற வேறயா விழோணும், அப்பத்தான் எனக்கு மாதக் கடைசியில கணக்கு முடிக்கலாம்." டிக்கெட்டில் விழுவது, 'இன்வொய்ஸ் வடிவமைப்பு மாற்றம்.' வடிவமைப்பு மாறும், கணக்கு முடியாது.

இன்சைட் பகுதி இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஒரு ஐடியாவுக்குக் கீழே எத்தனை சான்றும் சேர்க்கலாம். சப்போர்ட் டிக்கெட்டின் இணைப்பு, கூட்டத்தில் பேசியதில் நாலு வரி, மின்னஞ்சலில் ஒரு பத்தி, எதுவானாலும் சரி. குரோம் உலாவிக்கு நீட்டிப்பு இருப்பதால் வலைப்பக்கத்தில் உள்ள வரியைத் தெரிந்தெடுத்து அப்படியே ஐடியாவுக்குள் அனுப்பலாம். ஸ்லாக், டீம்ஸ் ஆகிய அரட்டைச் செயலிகளிலிருந்தும் அனுப்பலாம். கொன்ட்ரிபியூட்டருக்குக் காசில்லை என்பதன் முழுப் பயனும் இங்கேதான்: சப்போர்ட் அணியின் இருபது பேரையும் உள்ளே விடலாம்.

விட்டால் மட்டும் போதாது, எழுதும் முறையைக் கட்ட வேண்டும். எங்கள் பரிந்துரை நாலு வரி. முதல் வரி, பேசியவரின் பதவி: வாங்கும் முடிவெடுப்பவரா, கணினியை நிர்வகிப்பவரா, தினமும் பயன்படுத்துபவரா. நிறுவன மென்பொருளில் இந்த மூவரும் வேறு ஆட்கள். மூவரின் வலியும் வேறு. இரண்டாவது, அவர் சொன்னது சொன்னபடி, சொன்ன மொழியிலேயே. சிங்களத்தில் சொன்னால் சிங்களத்தில், தமிழில் சொன்னால் தமிழில். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரிச் சுருக்கம். மொழிபெயர்த்து மட்டும் எழுதினால் 'இருந்தா நல்லம்', 'கட்டாயம் வேணும்' இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடும். மூன்றாவது, இப்போது அந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறார். எக்செலில் எடுத்து, கையால் கூட்டி, திரும்ப ஏற்றுகிறாரா? எவ்வளவு நேரம் போகிறது? நாலாவது, கடைசியாக எப்போது நடந்தது. "அடிக்கடி" என்று எழுத விடாதீர்கள். திகதி வேண்டும்.

மூன்றாவது வரிதான் தங்கம். மாற்றுவழியே தேடாத பிரச்சினை பெரும்பாலும் உண்மையான பிரச்சினை அல்ல.

ஒரு ஐடியாவை எழுதுவது எப்படி: வற் வரியை வைத்து ஒரு பாடம்

கருவி எவ்வளவு நல்லதானாலும் ஐடியாவின் தலைப்பு தவறினால் எல்லாம் தவறும். இலங்கையில் பில் போடும் எந்த மென்பொருளுக்கும் தெரிந்த உதாரணம் இது.

2019 டிசம்பர் 1ஆம் திகதி வற் (பெறுமதி சேர் வரி) வீதம் 15இலிருந்து 8ஆகக் குறைந்தது. 2022 ஜூன் 1இல் 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15. ஒக்டோபர் 1இல் 2.5 வீதத்தில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்ற புதிய வரியே வந்தது. 2024 ஜனவரி 1இல் வற் 18 வீதமானது.

எக்செல் ரோட்மேப்பில் இவை ஐந்து தனிக் கோரிக்கைகளாக இருந்திருக்கும். ஒவ்வொன்றும் 'அவசரம்'. ஒவ்வொரு முறையும் நிரலில் எண்ணை மாற்றி, சோதித்து, எல்லா வாடிக்கையாளருக்கும் புதிய பதிப்பை ஏற்றியிருப்பார்கள். இருபத்துநாலு வாடிக்கையாளர், ஆளுக்கு அரை நாள் என்று வைத்தால் ஒரு மாற்றத்துக்குப் பன்னிரண்டு ஆள்நாள். ஐந்து மாற்றத்துக்கு அறுபது.

'வற் வீதத்தை 18 ஆக்கு' என்பது தீர்வு. ஐடியாவின் தலைப்பு பிரச்சினையாக இருக்க வேண்டும்: 'வர்த்தமானி வந்து வீதம் மாறும்போது, கணக்காளரால் எங்களைக் கூப்பிடாமல் மாற்ற முடியவில்லை.' இப்படி எழுதியதும் ஐந்து கோரிக்கையும் ஒரே ஐடியாவின் கீழ் ஐந்து சான்றாக வந்து உட்காரும். அப்போதுதான் அதன் உண்மையான கனம் தெரியும். ஒக்டோபரில் வந்தது வெறும் வீத மாற்றமல்ல, இரண்டாவது வரி என்பதும் கண்ணில் படும். பில்லுக்கு ஒரே ஒரு வரி ஃபீல்ட் வைத்துக் கட்டிய மென்பொருள் அன்றுதான் உடைந்தது.

ஐடியாவின் விளக்கப் பகுதியில் தீர்வை எழுதத் தேவையில்லை. தீர்வு தாண்ட வேண்டிய சோதனைகளை எழுதுங்கள். இந்த உதாரணத்தில் அவை: வரி வகை, வீதம், தொடங்கும் திகதி, முடியும் திகதி, எந்த வரியின் மேல் எந்த வரி என்ற வரிசை ஆகியவை அட்டவணையில் இருக்க வேண்டும். வீதத்தைப் பில்லின் திகதி தீர்மானிக்க வேண்டும். பில்லை கணினியில் அடித்த நாள் அல்ல. 2023 டிசம்பரில் விற்ற 1,00,000 ரூபா சரக்கு ஜனவரியில் திரும்பி வந்தால், வரவுக் குறிப்பு 15,000 ரூபா வரியோடுதான் போக வேண்டும். 18,000 என்று விழுந்தால் 3,000 ரூபா பிழை. யார் வீதத்தை மாற்றினார் என்ற பதிவு அழியாமல் இருக்க வேண்டும்.

நேர வலயத்தை மறக்க வேண்டாம். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், கொழும்பில் ஜனவரி 1 நள்ளிரவு அங்கே டிசம்பர் 31 மாலை 6.30. காலை 5.30 வரை போடும் பில்லெல்லாம் பழைய வீதத்தில் விழும். இரவு முழுவதும் பில் போடும் ஹோட்டல், மருந்தகம் போன்ற வாடிக்கையாளர்களிடம் இது வெடிக்கும்; பகலில் சோதிக்கும் அணிக்குத் தெரியவே தெரியாது.

இந்த நுணுக்கமெல்லாம் கருவி தராது. ஆனால் இவற்றை ஓரிடத்தில், சான்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க அது இடம் தருகிறது. எக்செலின் ஒரு கட்டத்துக்குள் இதை எழுத எவருக்கும் மனம் வராது.

மதிப்பெண்: இங்கேதான் கால் இடறும்

ஃபீல்டுகளை வைத்துக் கணக்குப் போடும் வசதி உண்டு. எடை போட்டுக் கூட்டும் மதிப்பெண்ணும் இருக்கிறது, நாமே எழுதும் சூத்திரமும் இருக்கிறது. பலர் ரைஸ் முறையை இதில் ஏற்றுகிறார்கள். இன்டர்கொம் நிறுவனத்தில் பிறந்த இம்முறையில் எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு தாக்கம், எவ்வளவு நிச்சயம் ஆகிய மூன்றையும் பெருக்கி, உழைப்பால் வகுக்க வேண்டும். தாக்கத்துக்கு 3, 2, 1, 0.5, 0.25, நிச்சயத்துக்கு 100, 80, 50 வீதம். வகுத்தல் வருவதால் எடைக்கூட்டலில் இது சரிவராது, சொந்தச் சூத்திரம்தான் எழுத வேண்டும்.

இருபத்துநாலு வாடிக்கையாளர் உள்ள ஒரு மென்பொருளுக்குப் போட்டுப் பாருங்கள். டாஷ்போர்டைத் தெளிவாக்குவது 24 பேரையும் தொடும், தாக்கம் 0.5, நிச்சயம் 100, உழைப்பு 2 வாரம்: மதிப்பெண் 6. தணிக்கைப் பதிவை வெளியே எடுக்கும் வசதி 18 பேரைத் தொடும், தாக்கம் 1, நிச்சயம் 80, உழைப்பு 6 வாரம்: 2.4. ஊழியர் தம் நிறுவனக் கணக்கின் கடவுச்சொல்லாலேயே உள்ளே வரும் வசதி கேட்டவர் 3 பேர், தாக்கம் 3, நிச்சயம் 100, உழைப்பு 8 வாரம்: 1.125.

வரைபடம் டாஷ்போர்டைத் தூக்கி மேலே வைக்கும். ஆனால் கடவுச்சொல் வசதி கேட்ட மூவரில் ஒருவரின் ஒப்பந்தம் அடுத்த காலாண்டில் புதுப்பிக்கப்பட இருக்கலாம். அவருடைய தகவல் பாதுகாப்பு அணி அது இல்லாமல் கையெழுத்துப் போடாது. இன்னும் கேட்காத பெரிய வாடிக்கையாளர்கள் வாசலிலேயே திரும்பிப் போயிருக்கலாம். அவர்கள் சான்றாக எங்கும் பதிவாகவில்லை. ரைஸ் ஆயிரக்கணக்கான பயனாளர் உள்ள செயலிக்குப் பிறந்த கணக்கு. இருபது முப்பது ஒப்பந்தங்களில் வாழும் மென்பொருளுக்கு 'எத்தனை பேர்' என்ற எண் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்வதில்லை.

அதனால் 'எத்தனை பேர்' ஃபீல்டை எடுத்துவிட்டு இரண்டு ஃபீல்ட் வையுங்கள்: எத்தனை ஒப்பந்தம், அவற்றில் அடுத்ததாகப் புதுப்பிக்க வரும் திகதி. திகதியைக் காலக்கோட்டு வியூவில் போட்டால் எந்த மாதத்தில் எந்தக் கத்தி தொங்குகிறது என்று தெரியும். உழைப்பு ஃபீல்டை நிரப்பும் உரிமை கட்டும் அணிக்கு மட்டும். புரொடக்ட் மனேஜர் ஊகித்துப் போட்ட வாரக் கணக்கில் மதிப்பெண்ணின் பாதி ஊகமாகிவிடும்.

சட்டம் கட்டாயப்படுத்துபவற்றுக்கு மதிப்பெண்ணே போடக்கூடாது. 'கட்டாயத் திகதி' என்றொரு ஃபீல்ட் வைத்து, அது நிரம்பிய ஐடியாக்கள் மட்டும் தெரியும் தனி வியூ வைத்தால் போதும். வரி மாற்றம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பவை, மத்திய வங்கியின் பணிப்புரைகள் எல்லாம் அங்கே. பாதுகாப்புத் திருத்தம், பழைய நிரல் நூலகத்தை மாற்றுவது, வேகம் ஆகியவற்றுக்கும் தனிக்கூடை. இவற்றுக்கு யாரும் வாக்களிக்க மாட்டார்கள். வாக்கு வசதியை உள் அணிகளுக்குத் திறந்துவிட்டால் எல்லாரும் கண்ணுக்குத் தெரிவதற்கே போடுவார்கள். இது அவர்கள் குற்றமல்ல.

மீதமுள்ளவற்றுக்கு மதிப்பெண் உதவும், வரிசைப்படுத்த அல்ல, சண்டை தொடங்க. இருவர் ஒரே ஐடியாவுக்கு 80, 50 என்று வேறு நிச்சயம் போட்டால், அந்த இடைவெளியைப் பேசுவதுதான் கூட்டத்தின் வேலை.

டெலிவரியோடு கட்டுவது

ஐடியாவிலிருந்து நேரே எபிக் திறக்கலாம், இருப்பதை இணைக்கவும் செய்யலாம். இணைத்ததும் வேலை எவ்வளவு முடிந்தது என்ற பட்டை தானாக நகரும். 'எப்ப வரும்?' என்று லண்டனிலிருந்து மாலையில் வரும் கேள்விகள் இதனால் குறையும். படிக்க மட்டும் முடியும் வியூ ஒன்றை வெளியிட்டு விற்பனை அணிக்குக் கொடுத்துவிடலாம்.

இங்கே இரண்டு பிழை வழக்கமாக நடக்கும். ஐடியாவோடு எபிக்கை இணைக்காமல் முப்பது சின்ன டிக்கெட்டை நேரே இணைப்பது ஒன்று. பட்டை தினமும் முன்னும் பின்னும் ஓடும், பார்ப்பவர் நம்பிக்கை இழப்பார். ஒரு ஐடியாவுக்கு ஒன்றோ இரண்டோ எபிக், அதற்கு மேல் வேண்டாம்.

மற்றது இன்னும் மோசமானது: எபிக் முடிந்ததும் ஐடியாவை 'முடிந்தது' என்று மூடிவிடுவது. நிறுவன மென்பொருளில் வெளியானது ஒன்று, வாடிக்கையாளர் தளத்தில் ஏறியது ஒன்று, அவர் பயன்படுத்துவது இன்னொன்று. இரண்டு பதிப்பு பின்னால் நிற்கும் வாடிக்கையாளர் எப்போதும் இருப்பார். நிலைகளை மாற்றும் உரிமை இருப்பதால், 'வெளியானது', 'ஏறியது', 'பயன்பாட்டில்' என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள். சான்று கொடுத்த வாடிக்கையாளரில் பாதிப் பேராவது பயன்படுத்தத் தொடங்கிய பின்தான் மூடுவது. மூடும்போது, சான்று அனுப்பிய சப்போர்ட் ஊழியருக்கு ஒரு வரி எழுதுங்கள். அனுப்பியது கிணற்றில் போட்ட கல் என்று அவர்கள் நினைத்துவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து சான்று வராது. இந்தக் கருவி பல இடங்களில் மூன்றே மாதத்தில் தூசி படிவதற்குக் காரணம் இதுதான்.

அமைக்கும் வரிசை

தொடங்கும்போது வரும் மாதிரியில் ஃபீல்டுகள் அதிகம். பாதியை முதல் நாளே நீக்குங்கள். ஏழு போதும்: யாருடைய பிரச்சினை, எத்தனை ஒப்பந்தம், புதுப்பிக்கும் திகதி, நிச்சயம், உழைப்பு, கட்டாயத் திகதி, வகை. கடைசி ஃபீல்டைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். எக்செலில் உள்ள முந்நூறு வரியையும் சிஎஸ்வி கோப்பாக ஏற்றலாம், ஆனால் ஏற்ற வேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் யாராவது மறுபடி கேட்டவை மட்டும் வரட்டும். பெரும்பாலும் நாற்பதுக்குள் அடங்கும். மற்றவை உண்மையாகத் தேவையென்றால் திரும்பி வரும்.

வியூ நாலு: புதிதாக வந்தவை, கட்டாயத் திகதிகள், 'இப்போது', 'அடுத்து', 'பிறகு' என்ற பலகை, புதுப்பிக்கும் திகதிகளின் காலக்கோடு. இரண்டாவது மென்பொருளுக்கு இன்னொரு திட்டம் திறந்தால், முதல் திட்டத்துக்குள் உருவாக்கிய ஃபீல்ட் தானாக அங்கே வராது. ஃபீல்ட் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வந்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது குழம்பும்.

அனுமதியில் கவனம் வேண்டும். சான்றாக வரும் ஸ்கிரீன்ஷொட்டுகளில் கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சம்பளம் எல்லாம் இருக்கும். கொன்ட்ரிபியூட்டர் எல்லாருக்கும் அது தெரியும். மறைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பதை முதல் நாள் விதியாக்குங்கள். ஒருவரோடு ஒருவர் போட்டியிடும் இரண்டு வங்கிகள் உங்கள் வாடிக்கையாளர்களாக இருந்தால், பெயருக்குப் பதில் குறியெண். நிறுவும் பங்காளிகளை உள்ளே விடுமுன் இதை இருமுறை பாருங்கள்.

கருவி தொடாத இடம்

'வகை' என்ற ஃபீல்டுக்கு வருவோம். அதில் நாலு விடைதான்: அமைப்பில் மாற்றிக்கொள்வது, வெளியிலிருந்து இணைத்துக்கொள்வது, மூல மென்பொருளில் கட்டுவது, ஒருவருக்கு மட்டும் செய்வது. இந்த நாலில் ஒன்றைத் தெரிந்தெடுப்பதுதான் நிறுவன மென்பொருளின் வியூகம். மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் இந்த விடையை அது தராது.

கொழும்பின் மென்பொருள் தொழில் பெருமளவு பிறருக்குக் கட்டிக்கொடுக்கும் வேலையில் வளர்ந்தது. அங்கே வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வது நல்ல குணம். சொந்த மென்பொருளுக்கு வந்தால் அதே குணம் கழுத்தை நெரிக்கும். ஒரு வாடிக்கையாளருக்காகப் பிரித்த நிரலை அடுத்த ஒவ்வொரு பதிப்பிலும் தனியாகச் சோதிக்க வேண்டும்; அவரைப் புதிய பதிப்புக்கு ஏற்ற முடியாமல் போகும்; பழைய பதிப்பின் பாதுகாப்புத் திருத்தத்தையும் தனியாகச் செய்ய வேண்டும். கோரிக்கைக்கான விலையில் இந்தச் செலவு ஒருபோதும் சேர்வதில்லை.

'ஒருவருக்கு மட்டும்' என்ற விடை காலாண்டுக்கு இரண்டைத் தாண்டினால் ரோட்மேப் கூட்டத்தை நிறுத்திவிட்டு, யாருக்கு விற்கிறோம், யாருக்கு விற்கப் போவதில்லை என்று பேசுங்கள். அதை ஒரு பக்கத்தில் எழுதி, எட்டாவதாக 'இலக்கு' என்றொரு ஃபீல்ட் சேர்த்து, அதில் மூன்றே மூன்று இலக்கை வையுங்கள். எட்டு இலக்கு வைத்தால் எந்த ஐடியாவும் ஏதாவதொன்றுக்குப் பொருந்திவிடும்.

இல்லை என்று சொல்லும் திறனையும் கருவி கற்றுத்தராது. ஆனால் காரணத்தை ஐடியாவிலேயே எழுதி வைத்தால் அக்கவுண்ட் மனேஜருக்குப் பேச வார்த்தை கிடைக்கும். 'இப்போது முடியாது' என்பதை விட, 'இதை மூல மென்பொருளில் கட்டவில்லை, ஏபிஐ என்ற இணைப்பு வழியாக உங்கள் பக்கத்தில் கட்டலாம், எடுத்துக்காட்டு தருகிறோம்' என்பது வாடிக்கையாளருக்கும் மரியாதை.

யாருக்கு வேண்டாம்

ஐந்து வாடிக்கையாளரும் ஒரு புரொடக்ட் மனேஜரும் உள்ள அணிக்குத் தேவையில்லை. நாலு வரிச் சான்று முறையை கூகுள் ஷீட்டிலேயே செய்யலாம். வெளி வாடிக்கையாளர் தாங்களே யோசனை போட்டு வாக்களிக்கும் பொதுத்தளம் தேடுவோர் புரொடக்ட்போர்டு, ஆஹா போன்றவற்றைப் பார்க்கட்டும். விலை கூடும், ஜிராவோடு இணைக்கும் வேலையும் கூடும். ஏற்கெனவே ஜிரா கிளவுட்டில் இருந்து, பத்திலிருந்து அறுபது நிறுவன வாடிக்கையாளர் வரை வைத்திருக்கும் அணிக்கு இதைத் தயங்காமல் சொல்வோம்.

மூன்று கிரியேட்டரோடு இலவசத்தில் தொடங்குங்கள்: புரொடக்ட் மனேஜர், கட்டும் அணியின் தலைவர், சப்போர்ட்டிலிருந்து ஒருவர். மூன்றாமவரை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டாம். தொண்ணூறு நாள் கழித்து, டெலிவரிக்குப் போன ஐடியாக்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றின் கீழும் குறைந்தது இரண்டு வெவ்வேறு வாடிக்கையாளரின் சொந்த வார்த்தை இருக்கிறதா என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் நாலாவது உரிமத்துக்குக் காசு கட்டலாம். பாதிக்குக் கீழே என்றால், இன்னும் பழைய எக்செலைத்தான் புதிய திரையில் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இலவசத்திலேயே இருந்து சான்று எழுதும் பழக்கத்தை இன்னொரு காலாண்டு பிடியுங்கள்.